ஊதா என்றைக்கு வரும்

டேனியேலா போன வாரம் போன் செய்தாள். நான் ஓய்வு பெற்று எழுந்த நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருப்பவள் அவள்தான். புதிதாகச் சேர்ந்திருக்கும் ஆபீசர்களுக்கு ஒரு நாள் பயிற்சி வைத்திருக்கிறார்களாம். நான் வந்து அரைமணி நேரம் பேச வேண்டுமாம். "ஒரு சக்சஸ் ஸ்டோரி போதும் மிஸ் லீலா, மூன்று ஸ்லைடுக்கு மேல் வேண்டாம்" என்றாள்.

இன்னொன்றும் சொன்னாள். கலர் லைனை எடுத்துவிட்டார்களாம். இனிமேல் எல்லாம் போன் ஆப்பாம். போதைப் பரிசோதனைக்கு வரச்சொல்லிப் பையனின் போனில் மணியடிக்கும், அவன் ஒரு பொத்தானைத் தட்டுவான், அவ்வளவுதான். இதில் தப்பு நடக்க வாய்ப்பே இல்லை என்றாள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. கலர் லைன் வந்தபோதும் இதே வசனத்தைத்தான் சொன்னார்கள். மூன்று ஸ்லைடில் அடங்காது, எழுதித் தருகிறேன் என்று சொல்லிப் போனை வைத்தேன். அவளுக்குத் தமிழ் தெரியாது. முதலில் நமக்காக எழுதிக்கொள்கிறேன், அவளுக்கு அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

எனக்குச் சொந்த ஊர் பாளையங்கோட்டை. மதுரையில் சமூகப்பணி படித்தேன். கல்யாணமாகி டெக்சாஸில் ரிச்சர்ட்சனுக்கு வந்தேன், கணவருக்கு டெலிகாம் கம்பெனியில் வேலை. விசா, பிள்ளைகள், கிரீன் கார்டு என்று பத்து வருஷம் போனது. பிறகு இங்கே மறுபடி படித்து, கவுண்டி நிர்வாகத்தில் சிறார் ப்ரொபேஷன் ஆபீசராகச் சேர்ந்தேன். சர்ச்சில் ஓர் அங்கிள், "ப்ரொபேஷன்னா இன்னும் கன்ஃபர்ம் பண்ணலியாம்மா?" என்று மூன்று வருஷம் விடாமல் கேட்டார். குற்றம் செய்த பிள்ளைகளைக் கண்காணிக்கும் வேலை என்று விளக்கினால், "நம்ம பிள்ளைங்க யாரும் அங்க வரமாட்டாங்கல்லா?" என்பது அடுத்த கேள்வி. பயிற்சிக் காலத்தைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. கைவிலங்கு மாட்டச் சொல்லிக் கொடுத்தார்கள், ஒரு தடவைகூட மாட்டவில்லை. படிவம் நிரப்பச் சொல்லிக் கொடுத்தார்கள், கடைசி நாள்வரை நிரப்பினேன்.

கடைசிப் பதினொரு வருஷம் நான் இருந்தது சிறார்களுக்கான போதை சிகிச்சை நீதிமன்றத்தில். பதினான்கு, பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளைகள். போதைப்பொருளோடு பிடிபட்டவர்களை உள்ளே தள்ளாமல் வீட்டிலேயே இருக்க விட்டு, வாரத்துக்கு மூன்று நாள் கவுன்சலிங், முன்னறிவிப்பில்லாத சிறுநீர்ப் பரிசோதனை, வியாழக்கிழமைதோறும் ஜட்ஜ் முன்னால் ஆஜர். மொத்தம் நான்கு கட்டம். ஒழுங்காக முடித்தால் வழக்கே இல்லாமல் போகும், கோப்பைப் பூட்டி முத்திரை வைத்துவிடுவார்கள். டெக்சாஸில் ஒரு வேடிக்கை உண்டு. கஞ்சா இலை கொஞ்சமாக வைத்திருந்தால் சின்னக் குற்றம். அதே கஞ்சாவின் எண்ணெய், ஆவியாக உறிஞ்சும் வேப் பேனாவில் இருந்தால் பெருங்குற்றம். இது தெரியாமல்தான் பாதிப் பிள்ளைகள் ஸ்கூல் பையில் வேப்போடு மாட்டுவார்கள். அப்பா அம்மாவுக்கு நாங்கள் சொன்ன பிறகுதான் தெரியும்.

ஒரு பிள்ளை ஒரு வாரம் சுத்தமாக இருந்தால் கோர்ட்டில் எல்லோரும் கைதட்ட வேண்டும். கண்ணாடிக் குடுவைக்குள் கையை விட்டு அவன் ஒரு சீட்டு எடுப்பான். பர்கர் கூப்பனோ சினிமா கூப்பனோ வரும். எனக்கு இந்தக் கைதட்டல் கடைசிவரை ஒத்துக்கொள்ளவில்லை. பல் தேய்த்ததற்கெல்லாமா கைதட்டுவது என்று முனகுவேன். பக்கத்தில் நிற்கும் தெரபிஸ்ட் என் முழங்கையை இடிப்பாள், நானும் தட்டுவேன்.

இனி கலர் லைன். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு நிறம் கொடுத்திருப்போம். காலையில் ஒரு எண்ணுக்குப் போன் செய்தால் பதிவு செய்த குரல் அன்றைய நிறங்களைச் சொல்லும். தன் நிறம் வந்தால் மாலை ஐந்தரைக்குள் எங்கள் ஆபீசுக்கு வந்து கோப்பையில் பிடித்துக் கொடுக்க வேண்டும். வராவிட்டால் போதை இருந்ததாகவே எழுதுவோம். வந்ததும் பாக்கெட்டைக் காலி செய்ய வேண்டும். சோப்புப் போடாமல் கை கழுவ வேண்டும், சோப்பைக் கலந்து ஏமாற்றியவர்கள் உண்டு. கழிவறைத் தொட்டியில் நீலச் சாயம் விட்டிருப்போம், அந்தத் தண்ணீரை மொண்டு கொடுத்தவர்களும் உண்டு. பையன்களோடு ஓர் ஆண் ஆபீசர் உள்ளே நிற்பார். கோப்பையின் பக்கத்தில் ஒட்டியிருக்கும் சூடு காட்டும் பட்டையை நான்கு நிமிஷத்துக்குள் பார்த்துவிட வேண்டும். ஆறிப்போயிருந்தால் அது அவனுடையது இல்லை. பிறகு மூடி, மூடிமேல் சீல், சீல்மேல் அவன் கையெழுத்து, அதன் பக்கத்தில் என்னுடையது. எங்கள் கோப்பையில் ஐந்து போதைகளுக்குத்தான் கோடு இருந்தது. சந்தையில் புதிதாக வருவதைக் கண்டுபிடிக்க மீதியை லேபுக்கு அனுப்ப வேண்டும். பதில் வர ஒரு வாரம்.

ஜட்ஜ் ஹார்மன் அறுபதை நெருங்கியவர். நான் எவ்வளவு விரிவாக ரிப்போர்ட் எழுதினாலும் முதல் பத்தியைத் தாண்டிப் படிக்க மாட்டார். சண்டை போட்டுப் பார்த்து அலுத்துப்போய், எல்லாவற்றையும் முதல் பத்தியிலேயே திணிக்கப் பழகிக்கொண்டேன். ஆனால் பிள்ளைகள் சொன்னது ஒன்றையும் மறக்க மாட்டார். ஆளுக்கு ஒரு அட்டை வைத்துப் பென்சிலால் எழுதுவார். நாய்க்குட்டி பெயர், கணக்கு டீச்சரோடு சண்டை, எல்லாம் அதில் இருக்கும். ஒவ்வொரு வாரமும் ஒவ்வொரு பிள்ளையிடமும் ஒரே கேள்விதான் கேட்பார்: "லேப் பேப்பரில் இல்லாத ஒன்றை எனக்குச் சொல்." கேட்டுவிட்டுப் பென்சிலைக் கீழே வைத்துவிடுவார். பிறகு காத்திருப்பார். இரண்டு நிமிஷம், மூன்று நிமிஷம். கோர்ட்டே நெளியும், அவர் நெளிய மாட்டார். பரிசோதனைக்கு முன்னால் நீயாகச் சொன்னால் கட்டுரை எழுதும் தண்டனையோடு போகும். லேப் சொல்லித் தெரிந்தால் வார இறுதி உள்ளே. எங்கள் கோர்ட்டின் மொத்தச் சட்டமும் இந்த ஒரு விதிதான் என்று நினைத்துக்கொள்ளலாம்.

நிகில் வந்தது நான் ஓய்வு பெறுவதற்கு மூன்று வருஷம் முன்னால். பதினைந்து வயது. ஸ்கூல் பையில் வேப். அப்பா ராஜசேகர் ஈரோட்டுப் பக்கம், பக்கத்து ஊர் பிளானோவில் ஒரு கம்பெனியில் டேட்டா வேலை. அம்மா சுகந்தி டேகேரில் டீச்சர். முதல் நாள் என் மேஜைமேல் இருந்த பெயர்ப்பலகையைப் பார்த்துவிட்டு ராஜசேகர், "ஏனுங் மேடம், நீங்க தமிழுங்களா?" என்றார். ஆமாம் என்றேன். "அப்பப் பிரச்சினை இல்லீங்க" என்று நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார். மகன் தலைமேல் பெருங்குற்றம் தொங்குகிறது, இவருக்குப் பிரச்சினை இல்லையாம். நான் என்ன, ரேஷன் கார்டில் பெயர் சேர்த்துக் கொடுக்கவா உட்கார்ந்திருக்கிறேன்?

அவர்களுக்கு ஒரு பயம் இருந்தது. அதை நான் லேசாகச் சொல்ல மாட்டேன், நானும் அந்த வழியாக வந்தவள்தான். பத்து வருஷத்துக்கு மேல் கிரீன் கார்டுக்குக் காத்திருந்தவர்கள், முறை நெருங்கிவிட்டது. நிகில் இரண்டு வயதில் இங்கே வந்தவன், அவனுக்கும் கார்டு வேண்டும். கார்டுக்கான மெடிக்கலில் போதைப் பழக்கம் உண்டா என்று கேட்பார்கள். கேட்காததை நீங்களாகப் போய்ச் சொல்ல வேண்டாம் என்று அவர்கள் வக்கீல் சொல்லியிருக்கிறார். ராஜசேகர் அதைத் தன் இஷ்டத்துக்கு இழுத்து நீட்டி, மகன் எங்கேயும் எந்தக் காலத்திலும் 'நான் உபயோகித்தேன்' என்று வாயைத் திறக்கக் கூடாது என்று வீட்டில் சட்டம் போட்டுவிட்டார். எங்கள் கோர்ட்டோ வாயைத் திறப்பதை வைத்துத்தான் நடக்கிறது. நடுவில் மாட்டியது அந்தப் பையன்.

ஜட்ஜ் கேட்பார். நிகில் கையைக் கட்டிக்கொண்டு, "சொல்ல ஒன்றும் இல்லை, யுவர் ஆனர்" என்பான். வாராவாரம் இதே பதில். அவன் பேசுவது ஆங்கிலம்தான், நான் தமிழில் எழுதுகிறேன். பரிசோதனையெல்லாம் சுத்தம். கைதட்டுவோம், கூப்பன் எடுப்பான், போவான்.

இரண்டாம் கட்டத்துக்குப் போக ஒரு கடிதம் வாசிக்க வேண்டும். முதல் தடவை எப்போது, யாரோடு, கடைசித் தடவை எப்போது, எல்லாம் சொந்த வார்த்தையில். நிகில் வாசித்த கடிதத்தில், 'எனது உடைமைகளின் அருகாமையில் ஒரு சாதனம் கண்டறியப்பட்டது' என்று இருந்தது. 'இந்த அனுபவத்தின் படிப்பினைகளை எனது எதிர்காலச் செயல்திட்டத்தில் இணைத்துக்கொள்வேன்' என்று முடிந்தது. ஜட்ஜ் கடைசிவரை கேட்டார். "இதை எழுதியவருக்கு நல்ல வேலை இருக்கிறது என்று தெரிகிறது. அடுத்த வாரம் நீ எழுதியதைக் கொண்டு வா" என்று கடிதத்தைத் திருப்பிக் கொடுத்தார்.

வெளியே வந்ததும் ராஜசேகரைப் பிடித்துக்கொண்டேன். "சார், அவன் எழுதணும் சார், நீங்க இல்ல."

"நான் கிராமர் மட்டும்தானுங்க பார்த்தேன்."

"அவன் இந்த ஊர்ல கிண்டர்கார்டன்ல இருந்து படிக்கான். அவனுக்கு நீங்க கிராமர் பார்க்கீங்களா?"

சுகந்தி தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். நிகில் போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். "ஏலே, உன்னப் பத்தித்தான் பேசிட்டிருக்கேன்" என்றேன். எங்கள் ஊர்ப் பேச்சு அவனுக்குப் புரிந்ததோ இல்லையோ, நிமிர்ந்து பார்த்தான். கண்ணில் ஒன்றும் இல்லை. அந்தக் கடிதம் மூன்று தடவை திரும்பிப் போனது. நான்காவது தடவை ஏதோ பாதி உண்மை எழுதி வந்தான், ஜட்ஜ் விட்டுக்கொடுத்தார்.

இரண்டாம் மாதமோ மூன்றாம் மாதமோ, கோர்ட்டுக்கு வெளியே நடையில் பெஞ்சில் உட்கார்ந்திருந்த ராஜசேகர் என்னைக் கூப்பிட்டார். மடியில் லேப்டாப். "ஏனுங் மேடம், ஒரு நிமிசம் இதப் பாருங்க." ஒரு எக்செல் ஷீட். மகன் சேர்ந்த நாளிலிருந்து தினமும் போனில் சொன்ன நிறங்களையெல்லாம் வரிசையாக ஏற்றி வைத்திருந்தார். பக்கத்தில் வரப்போகும் தேதிகள், சில கட்டம் சிவப்பு, சில கட்டம் பச்சை. நிகிலின் நிறம் ஊதா.

"ஒரு தடவ ஊதா வந்துருச்சுன்னா, மத்த கலரெல்லாம் ஒரு சுத்து முடிச்சுட்டுத்தானுங்க மறுபடி ஊதா வருது. அதனால அடுத்த ரெண்டு மூணு நாளைக்குக் கண்டிப்பா டெஸ்ட் இல்லைங்க. அதுக்குப் பச்சை போட்டிருக்கனுங்க. அன்னிக்கு மீட்டிங் வச்சுக்குவேன். சிவப்புன்னா கார ரெடியா வச்சுக்குவேன். பெரும்பாலும் கரெக்டா வருதுங்க." அவர் முகத்தில் ஒரு பெருமை. வீட்டில் மகனுக்கும் மனைவிக்கும் போனில் ஷேர் பண்ணியிருக்கிறாராம், யார் எப்போது வண்டி எடுப்பது என்று குழப்பம் வராமல் இருக்க.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "சார், இத மூடுங்க. என்னைக்கு வரும்னு யாருக்கும் தெரியக் கூடாதுன்னுதான் அந்த லைனே இருக்கு."

"நான் தப்பா ஒண்ணும் யூஸ் பண்ணலீங்களே மேடம். டோல்வேல அரைமணி நேரம் டிரைவ் பண்ணி வரணும். ஒரு நாள் மிஸ் பண்ணினா பாசிட்டிவ்னு போட்டுருவீங்க. எனக்கும் வேலை இருக்குதுங்களே."

அதுவும் நியாயம்தான். லைனை ஒழுங்காக வைத்திருக்க வேண்டியது நாங்கள். அன்று மாலையே என் மேனேஜர் கிரெக்குக்கு ஒரு மெயில் போட்டேன், நிறங்கள் சுற்று முறையில் வருகின்றன, ஒரு அப்பா கண்டுபிடித்துவிட்டார் என்று. மறுநாள் பதில் வந்தது. இது ரேண்டம்தான் என்று சாஃப்ட்வேர் கொடுத்தவர்கள் உறுதி சொல்லியிருக்கிறார்களாம், என் அக்கறைக்கு நன்றியாம். எனக்கு எரிச்சல். என் தலையில் முப்பது பிள்ளைகளின் கோப்புகள். அதோடு விட்டுவிட்டேன்.

ஐந்தாம் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை சுகந்தி போன் செய்தாள். டேகேர் பின்பக்கத்திலிருந்து பேசினாள், குழந்தைகள் சத்தம் கேட்டது.

"அக்கா, நேத்து சாப்பிட்டுட்டு இருக்கப்பவே அவனுக்குத் தலை தொங்குதுங்க. தட்டுல கை இருக்குது, ஆளு தூங்கறான். கூப்பிட்டா முழிக்கறான், மறுபடி தொங்குது. ராத்திரி படிச்சிருப்பான்னு இவரு சொல்றாரு. எனக்கு என்னமோ பண்ணுதுங்க அக்கா. நீங்க ஆபீசரா கேக்காதீங்க, அக்காவா கேளுங்க."

"சுகந்தி, எனக்கு அப்படி ரெண்டு காது கிடையாது. நீ சொன்னத நான் எழுதித்தான் ஆகணும்."

அவள் அழுதாள். நான் அழ விடவில்லை, நேரமில்லை. கஞ்சா அடித்தவனுக்குத் தட்டில் தலை தொங்காது. அப்போது எங்கள் பக்கத்துப் பள்ளிகளில் ஒரு மாத்திரை சுற்றிக்கொண்டிருந்தது. பார்க்க டாக்டர் எழுதிக் கொடுத்த வலி மாத்திரை மாதிரி இருக்கும், போனில் ஆர்டர் செய்தால் பார்க்கிங்கில் வந்து கொடுப்பான். எவனோ ஒரு கொட்டகையில் அச்சடித்தது. உள்ளே ஃபென்டனில் என்ற ஆளைக் கொல்லும் மருந்து எவ்வளவு என்று அச்சடித்தவனுக்கே தெரியாது. ஒன்றைப் போட்டவன் தூங்கி எழுவான், அதே பொட்டலத்தில் அடுத்ததைப் போட்டவன் எழுந்திருக்க மாட்டான். உடம்பை விட்டும் சீக்கிரம் போய்விடும். கஞ்சா வாரக்கணக்கில் சிறுநீரில் நிற்கும், இது இரண்டு மூன்று நாளில் காணாமல் போகும். "இப்பவே பார்மசிக்குப் போ. மூக்குல அடிக்கிற மருந்து ஒண்ணு இருக்கு, சீட்டு வேண்டாம், கேட்டாத் தருவான். மூச்சு நின்னா அத அடிச்சுட்டு 911 கூப்பிடணும்" என்று பெயரை எழுதிக்கொள்ளச் சொன்னேன். வாங்கி சாமி அலமாரியில் முருகன் படத்துக்குப் பின்னால் வைத்தாள். புருஷன் அங்கே தேட மாட்டாராம்.

புதன்கிழமை ஊதா இல்லை என்றாலும் நிகிலை வரவழைத்துக் கோப்பை கொடுத்தேன். ஐந்து கோடும் சுத்தம். லேப் பதில் அடுத்த வாரம். வியாழன் மதியம் ஜட்ஜ் அறையில் நாங்கள் எல்லோரும் உட்கார்ந்து பேசும் கூட்டத்தில் சுகந்தி சொன்னதைச் சொன்னேன். அம்மாவுக்கு மனசு சரியில்லை என்பது ஆதாரம் ஆகாது, லேப் வரட்டும் என்றார் கிரெக். லேப் வருவதற்குள் பையன் போய்விட்டால் என்ன செய்வதாக உத்தேசம் என்று கேட்டேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. ஜட்ஜ் பென்சிலால் மேஜையைத் தட்டி, "நான் கேட்கிறேன்" என்றார்.

மூன்றரைக்குக் கோர்ட். நிகில் எழுந்து நின்றான். பின்னால் அப்பாவும் அம்மாவும். ஜட்ஜ் தன் கேள்வியைக் கேட்டுப் பென்சிலைக் கீழே வைத்தார்.

"சொல்ல ஒன்றும் இல்லை, யுவர் ஆனர்."

"எனக்கு அவசரம் இல்லை" என்றார் ஜட்ஜ்.

நேரம் போனது. ஒரு நிமிஷம். இரண்டு. நிகில் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். ராஜசேகர் மகன் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார். சுகந்திக்கு ஆங்கிலம் நன்றாகவே தெரியும், தினமும் அமெரிக்கப் பிள்ளைகளை மேய்ப்பவள். ஆனால் அவள் எழுந்து நின்று தமிழில்தான் பேசினாள்.

"சொல்லிரு சாமி. கார்டு வராட்டிப் போகுது. நாம ஈரோட்டுக்கே போயிர்லாம். நீ உசுரோட இருந்தாப் போதும்."

ஜட்ஜ் என் பக்கம் திரும்பி, அம்மா என்ன சொன்னார் என்று கேட்டார். முறையாகப் பார்த்தால் போனில் ஒரு மொழிபெயர்ப்பாளரைப் பிடிக்க வேண்டும். போன தடவை தமிழ் கேட்டுத் தெலுங்கு வந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் ராஜசேகர் முன்னால் குனிந்து, தாழ்ந்த குரலில் சொன்னார்: "மேடம், கார்டு விசயத்த மட்டும் விட்டுருங்க. உங்களக் கெஞ்சிக் கேட்டுக்கறனுங்க."

அதை விடுவது எனக்குச் சுலபம். அந்த அறையில் தமிழ் தெரிந்தவர்கள் நாங்கள் நாலு பேர்தான். அந்தக் குடும்பத்தின் பத்து வருஷம் என் நாக்கில் இருந்தது, அது எனக்கு நன்றாகவே தெரியும். ஆனால் அதை விட்டுவிட்டால், ஒரு அம்மா மகனைச் சொல்லச் சொன்னாள் என்பதுதான் மிஞ்சும். அவள் எதை விட்டுக்கொடுத்துச் சொல்லச் சொன்னாள் என்பது போய்விடும். ஒரு சொல் விடாமல் சொன்னேன். தமிழில் கேட்டபோது குனிந்திருந்த பையன், அதையே ஆங்கிலத்தில் ஜட்ஜுக்குச் சொல்லக் கேட்டபோது நிமிர்ந்து அம்மாவைத் திரும்பிப் பார்த்தான்.

"மாத்திரை" என்றான். "முதல் கட்டத்திலிருந்தே. திங்கள்கிழமை ஒன்று போட்டேன்."

"இன்னும் இருக்கிறதா?"

"மூன்று. மூக்குக்கண்ணாடிப் பெட்டிக்குள். நாளைக்கு ஒன்று போடலாம் என்று இருந்தேன்."

"ஏன் நாளைக்கு?"

அவன் போனை எடுத்து ஏதோ திறந்து என்னிடம் நீட்டினான். நான் பார்க்காமலே எனக்குத் தெரிந்துவிட்டது. இன்றைக்கு ஊதா வந்துவிட்டது. வெள்ளி, சனி, ஞாயிறு மூன்றும் பச்சை. "அப்பா ஷீட்" என்றான். "அப்பாவுக்குத் தெரியாது. அவர் மீட்டிங்குக்காகப் போட்டது."

ராஜசேகர் உட்கார்ந்த இடத்திலேயே இருந்தார். யாரும் கைதட்டவில்லை. ஜட்ஜ் மட்டும், "நன்றி நிகில்" என்று சொல்லி அட்டையில் எழுதினார். அன்று மாலையே எங்கள் ஆள் ஒருவர் வீட்டுக்குப் போய் மாத்திரைகளை எடுத்து உறையில் போட்டு சீல் வைத்தார். மறுநாள் காலை நிகிலை மூன்று மணி நேரத் தொலைவில் ஒரு சிகிச்சை இல்லத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தோம். புதன்கிழமை கோப்பையின் லேப் பதில் அடுத்த வாரம் சாவகாசமாக வந்தது. பாசிட்டிவ்.

அடுத்த வியாழன் கூட்டத்தில் ஜட்ஜ் எல்லோரையும் பார்த்து, இந்த லைனை இப்படி முன்கூட்டிப் படிக்க முடியும் என்று நம்மில் யாருக்காவது தெரியுமா என்று கேட்டார். பென்சிலைக் கீழே வைத்தார். கிரெக் தன் காகிதத்தைப் பார்த்தார். நான் கிரெக்கைப் பார்த்தேன். அவர் சொல்லட்டும், அவருக்கு வந்த மெயில்தானே என்று இருந்தேன். அவர் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. ஒருவரைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அது முழு உண்மை இல்லை. ஒரு மெயிலோடு ஏன் நிறுத்தினாய் என்பது ஜட்ஜின் அடுத்த கேள்வியாக இருக்கும். வருஷக்கணக்காகப் பிள்ளைகள் ஜட்ஜின் கேள்விக்கு நெளிவதைப் பார்த்து எரிச்சல்பட்டவள் நான். வாயைத் திறந்து சொன்னால் என்ன, என்ன குடிமுழுகிவிடும் என்று திட்டியவள். அன்று மூன்று நிமிஷம் கல்லுமாதிரி உட்கார்ந்திருந்தேன். கடைசியில் ஜட்ஜே பென்சிலை எடுத்தார். அடுத்த நாளிலிருந்து தினமும் காலையில் அவர் கிளார்க் ஒரு டப்பாவிலிருந்து சீட்டு எடுத்து நிறங்களை முடிவு செய்தாள்.

ராஜசேகர் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார். கோர்ட்டில் கார்டு விஷயத்தைச் சொன்னதற்கு. இந்தியன் கடையில் எதிரே பார்த்தால் தள்ளுவண்டியைத் திருப்பிக்கொண்டு அரிசி மூட்டைப் பக்கம் போய்விடுவார். சுகந்தி மட்டும் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். நிகில் மூன்று மாதம் கழித்துத் திரும்பி வந்தான். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் கார்டு வந்தது. அவனுடையது மட்டும் தள்ளிப்போனது. ஒரு வருஷம் சுத்தமாக இருந்து காட்டி மறுபடி மெடிக்கல் எடுக்கச் சொன்னார்கள் என்று கேள்வி. அந்தச் சட்டம் எனக்கு முழுசாகத் தெரியாது. வந்ததா இல்லையா என்பது நான் ஓய்வு பெறும்வரை தெரியவில்லை.

மாத்திரைகளைச் சோதித்த லேப் ரிப்போர்ட் வர நான்கு மாதம் ஆனது. அந்த லேபைப் பற்றி எழுத ஆரம்பித்தால் இன்னொரு கட்டுரை ஆகும். மூன்று மாத்திரை. இரண்டில் கொஞ்சம்தான். மூன்றாவதில் இருந்தது இரண்டு வளர்ந்த ஆட்களுக்குப் போதும் என்று எங்கள் தெரபிஸ்ட் படித்துச் சொன்னாள். பார்க்க மூன்றும் ஒன்றுபோலத்தான் இருந்தனவாம். ரிப்போர்ட் வந்ததைப் பெற்றோருக்குத் தெரிவிக்க வேண்டியது என் வேலை. சுகந்தியின் எண்ணுக்குத்தான் கை போனது. பிறகு யோசித்து ராஜசேகருக்குப் போட்டேன்.

எடுத்தார். நான் சொன்னதைக் குறுக்கே பேசாமல் கேட்டார். பின்னால் ஏதோ மீட்டிங் சத்தம், பிறகு கதவு சாத்தும் சத்தம்.

"வெள்ளிக்கிழமைக்குன்னு தானுங்களே வச்சிருந்தான்" என்றார்.

"ஆமா சார்."

"வெள்ளிக்கிழமைக்குப் பச்சை போட்டது நானுங்க மேடம்."

இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வந்தது. உங்கள் தப்பு இல்லை சார், நீங்கள் மீட்டிங்குக்காகப் போட்டது. ஒரு நாளைக்குப் பத்து அப்பா அம்மாவுக்கு அப்படிச் சொல்லிப் பழகிய வாய்தான் இது.

"அந்த ஷீட்ட நீங்க என்கிட்ட காட்டினீங்க சார்" என்றேன். "லைன்ல ஓட்டை இருக்குன்னு எனக்கு அன்னைக்கே தெரிஞ்சு போச்சு. மேனேஜருக்கு மெயில் போட்டேன். அவரு ஒண்ணும் இல்லைன்னுட்டாரு. நான் விட்டுட்டேன். ஜட்ஜ் கேட்டப்பவும் நான் சொல்லல."

வைத்துவிட்டாரோ என்று போனைப் பார்த்தேன். வைக்கவில்லை.

"எத்தன மெயிலுங்க மேடம்?"

"ஒண்ணு சார்."

"ஒண்ணுதானுங்களா?"

"ஒண்ணுதான்" என்றேன்.